மேசைமேல் இருந்த பிஸ்டன்: டபிள்யூ. ஓ. பென்ட்லியின் வாழ்க்கை

1913 ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் புறத்தே இருந்த டி.எஃப்.பி. கார்த் தொழிற்சாலைக்கு ஓர் ஆங்கிலேய இளைஞர் போயிருந்தார். அந்த நிறுவனத்தின் கார்களை லண்டனில் விற்பதுதான் அவருடைய தொழில். அங்கே மேசையொன்றில் கடதாசிகள் பறக்காமல் இருக்க ஒரு சிறு பாரம் வைக்கப்பட்டிருந்தது. பிஸ்டன் வடிவில் அலுமினியத்தில் வார்க்கப்பட்ட அலங்காரப் பொருள் அது. இதே உலோகத்தில் உண்மையான பிஸ்டன் செய்து எஞ்சினுக்குள் போட்டால் என்ன நடக்கும் என்ற கேள்வி அதைப் பார்த்ததும் அவருக்குள் எழுந்தது.

அந்த இளைஞரின் பெயர் வோல்ட்டர் ஓவன் பென்ட்லி. நண்பர்களும் தொழிலாளர்களும் அவரை டபிள்யூ. ஓ. என்றே அழைத்தார்கள். இன்று பென்ட்லி என்றால் பெரும் செல்வந்தர்களின் வாசலில் நிற்கும் கார் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான மனிதர், தன் பெயரைத் தான் செய்யும் காரில் பொறிக்கும் உரிமையை 43 வயதில் இழந்தார். அதற்கு முன் ஓர் உலகப்போரையும், மனைவியின் மரணத்தையும், உலகின் மிகக் கடினமான காரோட்டப் போட்டியில் ஐந்து வெற்றிகளையும் அவர் கண்டிருந்தார். அவருடைய வேலை முழுவதிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் எஞ்சினிடம் கூடுதல் வலுவைக் கேட்கும்போது, அதற்கான விலையை எந்தப் பாகம் கொடுக்கிறது?

1888 செப்டெம்பர் 16 இல் லண்டனின் ஹாம்ப்ஸ்டட் பகுதியில், ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். வசதியான குடும்பம். ஆனாலும் 16 வயதில் படிப்பை விட்டு, டொன்காஸ்டரில் இருந்த கிரேட் நோர்தேர்ன் ரயில்வே தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்தார். உலோகத்தை வார்ப்பதையும் கடைவதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பின்னர் நீராவி எஞ்சினில் நின்று, ஓடும் ரயிலின் நெருப்புக்கு நிலக்கரி அள்ளிப் போட்டார். பல மணிநேரம் நிற்காமல் ஓட வேண்டிய ஓர் இயந்திரம் எங்கே சூடாகிறது, எங்கே தேய்கிறது என்பதை நேரில் பார்த்த பயிற்சி அது. ரயில்வேயை விட்ட பிறகு லண்டனில் வாடகைக் கார்களைப் பராமரிக்கும் வேலை செய்தார். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் ஓடினார். 1912 இல் சகோதரர் ஒருவருடன் சேர்ந்து, பிரெஞ்சுக் கார்களை இறக்குமதி செய்து விற்கும் சிறு நிறுவனமொன்றை வாங்கினார். டி.எஃப்.பி. அவர்கள் கைக்கு வந்தது அப்படித்தான்.

அது நல்ல கார். ஆனால் வேகம் போதாது. வேகமான கார் என்று பெயர் எடுத்தால்தான் ஆட்கள் வாங்குவார்கள். அதனால் அந்த இரண்டு லீற்றர் எஞ்சினின் வலுவைக் கூட்ட வேண்டிய தேவை பென்ட்லிக்கு வந்தது.

ஓர் எஞ்சினின் குதிரை வலுவைக் கூட்ட வழிகள் அதிகம் இல்லை. சிலிண்டருக்குள் போகும் பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையை இன்னும் இறுக்கமாக அமுக்கலாம். எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழல விடலாம். அல்லது கூடுதல் கலவையை எரிக்கலாம். கூடுதலாக எரிப்பதற்குச் சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் காற்றை வெளியிலிருந்து பலவந்தமாக உள்ளே தள்ள வேண்டும். எந்த வழியில் போனாலும் வெப்பமும் விசையும் கூடும். அன்றைய எஞ்சின்களில் முதலில் தோற்றது பிஸ்டன்தான். அது வார்ப்பிரும்பாலோ உருக்காலோ ஆனது. பாரம் கூடியது என்பதால் வேகமாக மேலும் கீழும் போகும்போது அதைத் தாங்கும் தண்டுகளையும் தாங்கிகளையும் அடித்து நொறுக்கியது. தலைப்பகுதியில் ஏறிய வெப்பம் இறங்க வழியில்லாமல் தேங்கியது. அந்தச் சூட்டில் கலவை நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் வெடிப்பதும் உண்டு.

அலுமினியத்தின் பாரம் இரும்பின் பாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொன்று. வெப்பத்தை அது பல மடங்கு விரைவாகக் கடத்தும். ஆனால் சூடேறினால் இரும்பைவிட அதிகமாக விரியும், இரும்பைவிட விரைவில் உருகும். அதனால் எரியும் கலவைக்கு நேர்கீழே அலுமினியத்தை வைப்பது பைத்தியக்காரத்தனம் என்பதே அன்று பலரின் எண்ணம். பென்ட்லி 88 வீதம் அலுமினியமும் 12 வீதம் செம்பும் கலந்து பிஸ்டன்களை வார்ப்பித்தார். விரிவுக்கு இடம் விட்டு, அவற்றை டி.எஃப்.பி. எஞ்சினுக்குள் பொருத்தினார். உருகவில்லை. வெப்பம் விரைவாக இறங்கியதால் பிஸ்டன் தலை குளிர்ச்சியாகவே இருந்தது. அதனால் கலவையை இன்னும் அமுக்க முடிந்தது. பாரம் குறைந்ததால் எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழற்றவும் முடிந்தது. லண்டனுக்கு அருகே உள்ள புரூக்லன்ட்ஸ் ஓடுதளத்தில் அந்தச் சிறிய கார் மணிக்கு 90 மைலை நெருங்கியது. 1914 இல் ஐல் ஒஃப் மேன் தீவில் நடந்த போட்டியில், தன்னைவிடப் பெரிய எஞ்சின்களோடு ஓடி ஆறாவது இடத்தைப் பிடித்தது. இரகசியம் பிஸ்டனில் இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்குள் முதலாம் உலகப்போர் தொடங்கியது. கார் விற்பனை நின்றது. போட்டியாளர்களிடமிருந்து மறைத்து வைத்த இரகசியம் இப்போது வேறொரு கணக்குக்குள் வந்தது. அன்றைய விமான எஞ்சின்களுக்கும் இதே நோய்தான். வலு போதாது, வெப்பம் கூட, அடிக்கடி நின்றுபோகும். காரின் எஞ்சின் நின்றால் தெருவோரத்தில் நிறுத்தலாம். விமானத்தின் எஞ்சின் நின்றால் விமானியின் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. அன்று பிரித்தானிய விமானிகளுக்குப் பரசூட்டும் கொடுக்கப்படவில்லை. பென்ட்லி தன் கண்டுபிடிப்பைக் கடற்படையின் விமானப் பிரிவில் இருந்த தளபதி பிரிக்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் பென்ட்லியைப் படையில் சேர்த்துக்கொண்டு, எஞ்சின் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்பினார். றோல்ஸ் ரோய்ஸின் ஈகிள் எஞ்சினுக்குள்ளும் சன்பீம் நிறுவனத்தின் எஞ்சின்களுக்குள்ளும் அலுமினியப் பிஸ்டன்கள் போயின. பிற்காலத்தில் தன் நிறுவனத்தை விழுங்கப்போகும் றோல்ஸ் ரோய்ஸுக்கு அவர் அன்று சொல்லிக்கொடுத்தார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அவரிடம் வந்தது கிளெர்ஜே என்ற பிரெஞ்சு வடிவமைப்பு எஞ்சின். போர் விமானங்களில் அது பரவலாக இருந்தது. அதன் சிலிண்டர்கள் நடுவிலிருந்த அசையாத தண்டைச் சுற்றித் தாமே சுழல்பவை. சுழலும்போது சிலிண்டரின் ஒரு பக்கத்தில் காற்று நன்றாக அடிக்கும், மறுபக்கத்தில் அடிக்காது. அதனால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடேறி, வட்டமான சிலிண்டர் நீள்வட்டமாகிவிடும். அதற்கு ஈடுகொடுக்கப் பிஸ்டனில் மெல்லிய வளையமொன்றைப் போட்டிருந்தார்கள். அது உடைந்தால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். பென்ட்லி பிரான்ஸில் போர்முனைக்கு அருகே இருந்த விமானப் படையணிகளுக்குப் போய், விமானிகளிடமும் மெக்கானிக்குகளிடமும் குறைகளை நேரில் கேட்டார். வளையத்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வெப்பத்தை விரைவாகப் பரப்பும் அலுமினியத்தில் சிலிண்டரைச் செய்து, உள்ளே இரும்பு உறை போட்டார். கொவென்ட்ரி நகரின் ஹம்பர் தொழிற்சாலையில் உருவான அந்த எஞ்சினுக்கு பி.ஆர். 1 என்று பெயர் வந்தது. கிளெர்ஜேயின் 130 குதிரை வலு, இங்கே 150 ஆனது. ஆனால் விமானிகளுக்கு அந்த 20 ஐவிடப் பெரியது, எஞ்சின் இடைவழியில் நிற்காது என்ற நம்பிக்கை. சொப்வித் கமெல் விமானங்கள் அதைச் சுமந்து பறந்தன. போரின் இறுதியில் வந்த பி.ஆர். 2, 200 குதிரை வலுவையும் தாண்டியது.

போர் விமானத்தின் ஓசையைக் கீழே நின்று கேட்டவர்களுக்கு இந்தப் பகுதியைப் பெருமையோடு மட்டும் வாசிப்பது இலகுவல்ல. விமானியைத் திரும்பி வரச் செய்த அதே எஞ்சின்தான், அவருடைய இயந்திரத் துப்பாக்கியையும் எதிரியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. காரோட்டப் பந்தயத்துக்கென்று செய்த ஒரு பிஸ்டன், இரண்டு வருடத்துக்குள் கொல்வதற்கும் காப்பாற்றுவதற்கும் ஒரே நேரத்தில் பயன்பட்டது. நல்ல எஞ்சின் யாரிடம் போகிறது என்பதை அதைச் செய்தவர் தீர்மானிப்பதில்லை.

போர் முடிந்தது. அரசு அவருக்கு எம்.பி.ஈ. பட்டமும், பிறகு 8,000 பவுண் பணமும் கொடுத்தது. ஆனால் 1919 இல், போருக்குப் பின் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சலில் அவருடைய மனைவி லியோனி இறந்தார். அதே வருடத்தில்தான் அவர் தன் பெயரில் கார் நிறுவனத்தைத் தொடங்கினார். லண்டனில் பேக்கர் வீதிக்கு அருகே, ஒரு சிறு ஒழுங்கையில் இருந்த பட்டறையில் அந்த வருடம் ஒக்ரோபரில் முதல் எஞ்சின் இயங்கியது. வாங்குபவர் கைக்கு முதல் கார் போகும்போது 1921 ஆகிவிட்டது.

மூன்று லீற்றர் கொள்ளளவு, நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வு, இரண்டு பிளக். சிலிண்டரையும் அதன் தலையையும் ஒரே வார்ப்பாகச் செய்தார். அதனால் இரண்டுக்கும் நடுவில் கஸ்கெட் எரிந்து போகும் பிரச்சினையே இல்லை. இதன் வலு ஏறத்தாழ 70 குதிரை. எண்ணிக்கையில் பெரிதல்ல. ஆனால் அந்த வலுவை நாள் முழுவதும் கொடுத்தாலும் எஞ்சின் களைக்காது. ஐந்து வருட உத்தரவாதத்தோடு அவர் அதை விற்றார்.

1923 இல் பிரான்ஸின் லு மான் நகரில் முதல் 24 மணிநேரக் காரோட்டப் போட்டி அறிவிக்கப்பட்டது. பென்ட்லி காரை வைத்திருந்த ஒருவர் தாமாகவே அதில் ஓட முடிவு செய்தார். 24 மணிநேரம் தாங்கும் கார் உலகில் இல்லை என்று நினைத்து, டபிள்யூ. ஓ. முதலில் இதை விரும்பவில்லை. ஆனாலும் பார்க்கப் போனார். இரவு முடிவதற்குள் மனம் மாறிவிட்டார். கார் நான்காவது இடத்தில் வந்தது. அடுத்த வருடம் வென்றது. பிறகு 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு வருடமும் வென்றது. 1929 இல் முதல் நான்கு இடமும் பென்ட்லிக்கே.

ஆனால் வெற்றி பணமாக மாறவில்லை. 1926 இல் வூல்ஃப் பார்னாட்டோ என்ற செல்வந்தர் பணம் போட்டு நிறுவனத்தின் தலைவரானார். அவரே சிறந்த ஓட்டுநர். அன்றிலிருந்து டபிள்யூ. ஓ. தன் சொந்த நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் வடிவமைப்பாளர் ஆகிவிட்டார். அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய எஞ்சின் தகராறு இந்தக் கட்டத்தில்தான் வந்தது.

போட்டியாளர்களின் வலு கூடிக்கொண்டே போனது. டபிள்யூ. ஓ. தன் வழியில் போனார். ஆறரை லீற்றரில் ஆறு சிலிண்டர் எஞ்சினைச் செய்தார், பிறகு மூன்று லீற்றரை நாலரை ஆக்கினார். பெரிய எஞ்சின் சோர்வில்லாமல் வேலை செய்யும், அதன் எந்தப் பாகமும் எல்லையைத் தொடாது என்பது அவருடைய கணக்கு. பென்ட்லி அணியின் ஓட்டுநர்களில் ஒருவரான சேர் ஹென்றி டிம் பேர்கின் அதை ஏற்கவில்லை. நாலரை லீற்றர் எஞ்சினுக்குச் சுப்பர் சார்ஜர் பூட்டலாம் என்றார் அவர். சுப்பர் சார்ஜர் என்பது எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கி, காற்றையும் பெற்றோலையும் சிலிண்டருக்குள் அமுக்கித் தள்ளும் கருவி. எஞ்சினைப் பெரிதாக்காமலே கூடுதலாக எரிக்கலாம்.

டபிள்யூ. ஓ. வெளிப்படையாக எதிர்த்தார். பலவந்தமாகத் தள்ளப்படும் அந்தக் காற்று, எஞ்சினின் ஒவ்வொரு பாகத்திடமும் அது செய்யப்படாத ஒரு வேலையைக் கேட்கிறது என்பது அவருடைய வாதம். பேர்கின் தலைவர் பார்னாட்டோவிடம் போய் அனுமதி வாங்கினார். டொரதி பாஜெட் என்ற செல்வந்தப் பெண் பணம் கொடுத்தார். அம்ஹேர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளர் சுப்பர் சார்ஜரை வடிவமைத்தார். காரின் முன்பக்கத்தில், ரேடியேற்றருக்கும் முன்னால் அது துருத்திக்கொண்டு நின்றது. போட்டி விதிப்படி 50 கார்கள் செய்ய வேண்டியிருந்ததால், விரும்பாத வடிவமைப்பாளரின் தொழிற்சாலையிலிருந்தே அவை வெளிவந்தன.

சாதாரண நாலரை லீற்றர் எஞ்சின் கொடுத்தது 110 குதிரை வலு. சுப்பர் சார்ஜரோடு வீதியில் ஓடும் கார் 175 கொடுத்தது. பந்தயக் கார் 240 ஐத் தொட்டது. அதே சிலிண்டர்களிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேல். எண்களை மட்டும் பார்த்தால் பேர்கின்தான் சரி.

1930 லு மான் போட்டியில் இரண்டு வழிகளும் ஒரே தெருவில் சந்தித்தன. ஜேர்மனியின் ருடோல்ஃப் கரச்சியோலா ஓட்டிய ஏழு லீற்றர் மெர்சிடிஸை, பேர்கின் புல்லில் சில்லு இறங்க இறங்க முந்தினார். ரயர் கிழிந்து பறந்தது. பார்த்தவர்கள் காலமெல்லாம் பேசிய காட்சி அது. ஆனால் விடிந்து போட்டி முடிவதற்குள் அந்த மெர்சிடிஸ் பழுதாகி நின்றுவிட்டது. சுப்பர் சார்ஜர் பூட்டிய இரண்டு பென்ட்லிகளின் எஞ்சின்களும் தாங்காமல் நின்றுபோயின. வென்றது டபிள்யூ. ஓ. வின் ஆறரை லீற்றர் கார். இரண்டாவதும் அதே வகைக் கார்தான். சுப்பர் சார்ஜர் பென்ட்லி பெரிய போட்டி எதையும் ஒருபோதும் வெல்லவில்லை. அதே வருடம் பிரெஞ்சுக் கிராண்ட் பிரியில் பெற்ற இரண்டாம் இடமே அதன் உச்சம்.

பேர்கினை வெறும் பிடிவாதக்காரராகப் பார்க்கவும் முடியாது. முதலாம் உலகப்போரில் அவரும் விமானப் படையில் பலஸ்தீனத்தில் இருந்தவர். அங்கே பிடித்த மலேரியா அவரை விடவில்லை. 1933 இல் திரிப்போலியில் நடந்த போட்டியில் கொதிக்கும் புகைக்குழாயில் கை பட்டுச் சுட்டது. அந்தப் புண்ணும் பழைய மலேரியாவும் சேர்ந்த நிலையில், சில வாரங்களில் 36 வயதில் இறந்தார்.

அதற்கு முன்பே பென்ட்லி நிறுவனம் விழுந்துவிட்டது. 1929 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் விலைகூடிய கார்களை வாங்க ஆளில்லை. அந்த நேரத்தில் எட்டு லீற்றரில் இன்னும் பெரிய காரை வெளியிட்டார்கள். டபிள்யூ. ஓ. வின் வழிக்கும் ஒரு விலை இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய எஞ்சின், பெரிய உடல், பெரிய செலவு. 1931 ஜூலையில் பார்னாட்டோ மேலும் பணம் போட மறுத்தார். நேப்பியர் நிறுவனம் வாங்கப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அங்கே போய்ச் செய்யவேண்டிய புதிய காரைப் பற்றி டபிள்யூ. ஓ. யோசிக்கவும் தொடங்கிவிட்டார். கடைசி நேரத்தில் யாரும் அறியாத ஒரு நிதி நிறுவனம் கூடுதல் விலை கேட்டு வாங்கியது. அதன் பின்னால் நின்றது றோல்ஸ் ரோய்ஸ் என்பது பிறகுதான் தெரிய வந்தது. தொழிற்சாலை போனது. பெயர் போனது. ஒப்பந்தத்தின்படி அவரும் அவர்களிடமே வேலை செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் வடிவமைப்பு வேலை அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

1935 இல் அங்கிருந்து வெளியேறி லகொண்டா நிறுவனத்துக்குப் போனார். 47 வயதை நெருங்கிய நிலையில், வெறும் மேசையிலிருந்து மீண்டும் தொடங்கினார். அங்கே அவருடைய தலைமையில் உருவான 12 சிலிண்டர் எஞ்சினோடு இரண்டு கார்கள் 1939 லு மான் போட்டிக்குப் போய் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. அடுத்த உலகப்போர் அந்த வேலையையும் நிறுத்தியது. போருக்குப் பின் 2.6 லீற்றரில் ஆறு சிலிண்டர் எஞ்சினொன்றை அவருடைய குழு செய்தது. காருக்கு லகொண்டா பென்ட்லி என்று பெயர் வைக்க முயன்றபோது றோல்ஸ் ரோய்ஸ் வழக்குப் போட்டு வென்றது. தான் பிறந்த பெயரைத் தன் வேலையோடு சேர்த்துச் சொல்ல அவருக்கு அனுமதியில்லை.

ஆனால் எஞ்சின் தப்பித்தது. 1947 இல் டேவிட் பிரவுன் என்ற தொழிலதிபர் அஸ்டன் மார்ட்டினை வாங்கிய கையோடு லகொண்டாவையும் வாங்கினார். அதற்கு முக்கிய காரணம் அந்த எஞ்சின்தான். அஸ்டன் மார்ட்டின் டி.பி. 2 காரில் அது 105 குதிரை வலுவோடு தொடங்கியது. கலவையை இன்னும் அமுக்கி, பெரிய காபரேற்றர் பூட்டியபோது 125 ஆனது. கொள்ளளவையும் உள்பாகங்களையும் படிப்படியாக மாற்றி, 1957 இல் 162 க்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் வேறு பொறியியலாளர்கள். அந்த அளவுக்கு இடம்கொடுக்கும் எஞ்சினை முதலில் செய்து வைத்தவர் பென்ட்லி.

அவர் வெறுத்த சுப்பர் சார்ஜர் காரோ அவருடைய மற்ற எல்லாக் கார்களையும்விடப் புகழ்பெற்றது. இயன் பிளெமிங் தன் ஜேம்ஸ் பொண்ட் பாத்திரத்துக்கு முதலில் கொடுத்த வாகனம் அதுதான். பேர்கின் ஓட்டிய ஒற்றை இருக்கைக் கார் 2012 இல் 50 இலட்சம் பவுணுக்கு மேல் ஏலம் போனது. ஓடி முடித்த காரைவிட, உச்சத்தில் உடைந்து நின்ற காரைத்தான் மக்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

டபிள்யூ. ஓ. வுக்குப் பிள்ளைகள் இல்லை. முதுமையில் மொரிஸ் மைனர் என்ற சிறிய, மலிவான காரை ஓட்டினார். பழைய பென்ட்லிகளை வைத்திருந்தவர்கள் அவரைத் தேடி வந்து மரியாதை செய்தார்கள். 1971 பெப்ரவரியில், அவருடைய பெயரை விலைக்கு வாங்கிய றோல்ஸ் ரோய்ஸ் நிறுவனமே கடனில் விழுந்தது. புதிய விமான எஞ்சினொன்றைச் செய்வதற்கான செலவு அதை விழுத்தியது. அந்தச் செய்தி வந்து ஆறு மாதத்தின் பின், ஓகஸ்ட் 13 ஆம் திகதி, டபிள்யூ. ஓ. பென்ட்லி 82 வயதில் இறந்தார். அலுமினியப் பிஸ்டன் அதற்குள் உலகின் பெற்றோல் எஞ்சின்களில் வழமையாகிவிட்டது. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது அதுதான்.